ஆட்டுக்கல் போலச் சுற்றும் இன்ஜின்... 47 பேர் விடாப்பிடியாக நின்று ஜெயித்த கதை!

தையல் மெஷினை மிதித்த அனுபவம் உண்டா? கால் மேலும் கீழுமாக ஆடும்; சக்கரமோ வட்டமாகச் சுற்றும். நடுவில் இருக்கும் ஒரு கம்பிதான் ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றித் தருகிறது.

வாசலில் நிற்கும் பைக், தெருமுனை ஆட்டோ, பெட்ரோல் கார், டீசல் பஸ் என எல்லா இன்ஜினுக்குள்ளும் நடப்பது இதே வேலைதான். காலுக்குப் பதில் பிஸ்டன், சக்கரத்துக்குப் பதில் கிராங்க் ஷாஃப்ட். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்து வெடிக்கிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே பாய்கிறது. திரும்ப மேலே வருகிறது. மறுபடியும் கீழே.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மேலே போகும் பிஸ்டன் கீழே வர வேண்டுமென்றால், ஒரு கணம் நின்றுதான் திரும்ப வேண்டும். கீழே போனாலும் அப்படித்தான். இன்ஜின் 6,000 ஆர்.பி.எம் வேகத்தில் ஓடும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு விநாடிக்கு 200 முறை நின்று திரும்புகிறது! வண்டி அதிர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

'கடைசியில் சுற்றத்தானே வேண்டும்? அதற்கு எதற்கு இந்த மேலும் கீழும் ஆட்டம்? நேராகச் சுற்றவே செய்தால் என்ன?'

கேட்க எளிமையான கேள்விதான். ஆனால், இதற்கு விடை தேடிப் போய் ஒரு ஜெர்மன் நிறுவனம் தன் தனித்துவத்தையே இழந்தது. ஒரு ஜப்பானிய நிறுவனம் திவால் விளிம்பு வரை போய்த் திரும்பியது. வேன்கல் ரோட்டரி இன்ஜின் என்ற அந்த விநோதப் படைப்பின் கதை இது.

லைசென்ஸ் இல்லாத இன்ஜின் மேதை

ஃபெலிக்ஸ் வேன்கல், 1902-ல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப்போரின் தொடக்கத்திலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தில் பணமில்லை. கல்லூரிப் பக்கமே போகாமல் ஒரு புத்தக நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இன்ஜினீயரிங் முழுக்கச் சொந்தமாகக் கற்றுக்கொண்டதுதான். கிட்டப்பார்வைக் கோளாறு கடுமையாக இருந்ததால், வாழ்நாள் முழுக்க அவர் டிரைவிங் லைசென்ஸே வாங்கவில்லை என்பார்கள்.

அவர் வாழ்க்கையில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. இளம் வயதிலேயே நாஜிகளோடு சேர்ந்தவர் அவர். உட்கட்சித் தகராறில் வெளியேற்றப்பட்டு, 1933-ல் சில மாதங்கள் சிறையிலும் இருந்தார். பிறகு அதே ஆட்சிக்காக விமான இன்ஜின் ஆராய்ச்சியும் செய்தார்.

1929-லேயே சுழலும் இன்ஜினுக்கு முதல் காப்புரிமையை வாங்கிவிட்டார் வேன்கல். ஆனால் கனவு கைகூட, என்.எஸ்.யூ என்ற ஜெர்மன் மோட்டார் நிறுவனத்தோடு அவர் கைகோக்க வேண்டியிருந்தது. 1957 பிப்ரவரியில் முதல் மாதிரி இன்ஜின் ஓடியது. அதில் உள்ளே இருப்பதும் சுற்றும், வெளிக்கூடும் சுற்றும். ஸ்பார்க் பிளக்கை மாற்றக்கூட இன்ஜினைப் பிரிக்க வேண்டும். அதே நிறுவனத்தின் இன்ஜினீயர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே, வெளிக்கூட்டை அசையாமல் நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் சுற்றும்படி எளிமையாக்கினார். வேன்கலுக்குக் கோபம். 'என் பந்தயக் குதிரையை ஏர் உழும் குதிரையாக்கிவிட்டீர்களே!' என்று நொந்துகொண்டாராம். ஆனால், உலகம் முழுக்கப் பிறகு ஓடியது அந்த 'உழவுக் குதிரை'தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் குழவி, சுவரை ஒட்டியபடியே உருண்டு உருண்டு சுற்றி வரும் அல்லவா? ரோட்டரி இன்ஜினும் அப்படித்தான். ஆனால் குழி வட்டமாக இல்லாமல், நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய நிலக்கடலை ஓடு போல இருக்கும். குழவி உருண்டையாக இல்லாமல், பக்கங்கள் சற்று உப்பிய முக்கோணமாக இருக்கும். இந்த முக்கோணத்துக்குப் பெயர்தான் ரோட்டர்.

ரோட்டர் எப்படிச் சுற்றினாலும் அதன் மூன்று முனைகளும் சுவரைத் தொட்டபடியே இருக்கும். அதனால் சுவருக்கும் ரோட்டருக்கும் நடுவே எப்போதும் மூன்று தனித்தனி அறைகள் இருக்கும். ரோட்டர் சுற்றச் சுற்ற, அறைகள் பெரிதாகிச் சிறிதாகிப் பெரிதாகும்.

அறை பெரிதாகும்போது பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும். சிறிதாகும்போது அந்தக் கலவை அழுந்தும். ஸ்பார்க் பிளக் பொறி தட்டியதும் எரிந்து விரிந்து ரோட்டரைத் தள்ளும். மறுபடி அறை சுருங்கும்போது புகை வெளியேறும். சாதாரண இன்ஜின் செய்யும் நான்கு வேலைகளும் இங்கேயும் உண்டு. ஆனால், ஓர் அறை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று எரித்துக்கொண்டிருக்கும். மற்றொன்று புகையைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

வால்வு கிடையாது. சுவரில் இருக்கும் துளைகளை ரோட்டரே மூடித் திறந்துகொள்ளும். இரண்டு ரோட்டர் உள்ள இன்ஜினில் அசையும் முக்கிய பாகங்கள் மொத்தமே மூன்று: இரண்டு ரோட்டர்கள், ஒரு ஷாஃப்ட். அளவில் சிறியது, எடை குறைவு, அதிர்வு மிகக் குறைவு. பார்த்தவர்கள் எல்லோரும் மயங்கியதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால், சிக்கல் அந்த மூன்று முனைகளில் ஒளிந்திருந்தது.

ஹிரோஷிமாவின் சூதாட்டம்

ஜப்பானின் ஹிரோஷிமாவில் 1920-ல் கார்க் தயாரிக்கும் கம்பெனியாகத் தொடங்கியது டோயோ கோக்யோ. நாம் இன்று மாஸ்டா என்று அழைக்கும் நிறுவனம் இதுதான். 1931-ல் மூன்று சக்கர டிரக் செய்ய ஆரம்பித்தார்கள். 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது, இடையில் இருந்த ஹிஜியாமா குன்று தொழிற்சாலையைப் பெரும் சேதத்திலிருந்து காப்பாற்றியது. தரைமட்டமான நகரத்தில் அரசு நிர்வாகமே சில காலம் இந்தக் கம்பெனிக் கட்டடத்தில் இருந்துதான் இயங்கியது.

1960-களின் தொடக்கத்தில் புதிய ஆபத்து வந்தது. சிறிய கார் கம்பெனிகளை எல்லாம் பெரிய கம்பெனிகளோடு இணைத்துவிட ஜப்பான் அரசு திட்டம் தீட்டியது. 'நம்மிடம் மட்டுமே இருக்கிற ஏதாவது ஒன்று வேண்டும். இல்லையென்றால் நாம் இருக்க மாட்டோம்' என்பது தலைவர் சுனேஜி மட்சுடாவுக்குப் புரிந்தது. ஜெர்மனிக்குப் போய் என்.எஸ்.யூ-வுடன் ரோட்டரி இன்ஜின் ஒப்பந்தம் போட்டார். 1961-ல் அது நடைமுறைக்கு வந்தது.

தொழில்நுட்பம் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அது பாதிதான் வெந்த சோறு என்று!

சாத்தானின் நகக் கீறல்

1963-ல் ரோட்டரி இன்ஜினுக்காகவே தனி ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கப்பட்டது. தலைவர் கெனிச்சி யமமோட்டோ. போருக்குப் பிறகு இதே கம்பெனியின் தொழிற்சாலையில் மூன்று சக்கர வண்டிக்கான பாகங்கள் பூட்டும் சாதாரண வேலையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர். அவரோடு சேர்த்து மொத்தம் 47 பேர்.

ஜப்பானில் 47 என்ற எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. தலைவனை இழந்த 47 சாமுராய் வீரர்கள் பொறுமையாகக் காத்திருந்து பழிதீர்த்த வரலாறு அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். அதனால் இந்தக் குழுவையும் அந்த 47 பேரோடு ஒப்பிட்டார்கள். 'தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் உங்கள் மனதில் ரோட்டரி இன்ஜின் மட்டுமே இருக்கட்டும்' என்பது யமமோட்டோ அவர்களுக்கு இட்ட கட்டளை.

பிரச்னை இதுதான். ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் ஒரு சீல் இருக்கும். குக்கர் மூடிக்கு கேஸ்கெட் எப்படியோ, இன்ஜினுக்கு இது அப்படி. ஓர் அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குக் கசியாமல் காப்பது இதன் வேலை. ஆனால் குக்கர் கேஸ்கெட் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். இதுவோ எரியும் சூட்டில், சுவரை உரசியபடி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஓட வேண்டும்.

இன்ஜினை ஓடவிட்டுப் பிரித்துப் பார்த்தால், உள்சுவரில் அலை அலையாகக் கீறல்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சாத்தானின் நகக் கீறல்'.

கரும்பலகையில் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கீச்சென்ற சத்தத்தோடு, கோடு விழாமல் புள்ளி புள்ளியாக விழும். சாக்பீஸ் வழுக்கிப் போகாமல் குதித்துக் குதித்துப் போவதுதான் காரணம். இன்ஜினுக்குள் சீல் செய்ததும் அதேதான். சுவரில் உரசும்போது அது தன் இயல்பான அதிர்வில் துள்ளித் துள்ளி ஓடியது.

என்னென்னவோ பொருள்களில் சீல் செய்து பார்த்தார்கள். எதுவும் உதவவில்லை. பிறகு, 'தேய்மானம் அல்ல, அதிர்வுதான் எதிரி' என்ற முடிவுக்கு வந்தார்கள். சீலின் நுனிக்கு அருகே குறுக்காகத் துளையிட்டதும், அது அதிரும் விதமே மாறிப்போனது. கீறல் நின்றது! அடுத்து, அந்தச் சீலையும் தாண்டி, கார்பனுக்குள் அலுமினியத்தைச் செலுத்திப் புதிய சீலை உருவாக்கினார்கள். 1,000 மணி நேரம் ஓடவிட்டும் அது தாங்கியது.

1967 மே மாதம், காஸ்மோ ஸ்போர்ட் என்ற அழகான இரண்டு சீட் கார் விற்பனைக்கு வந்தது. இன்ஜின் அளவு 982 சி.சி.தான், சக்தியோ 110 குதிரைத்திறன். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த 84 மணி நேரத் தொடர் ஓட்டத்துக்கு இரண்டு கார்களை அனுப்பினார்கள். ஒரு கார் 82-வது மணி நேரத்தில் ஆக்ஸில் உடைந்து வெளியேறியது. இன்னொன்று நான்காவதாக வந்தது. 'இந்த இன்ஜின் தாங்குமா?' என்ற கேள்விக்கு அது பதிலாக இருந்தது.

பிறந்த வீட்டில் நடந்த சோகம்

அதே 1967-ல் தாய் வீடான என்.எஸ்.யூ-வும் ஆர்.ஓ 80 என்ற ரோட்டரி காரை வெளியிட்டது. காற்றைக் கிழிக்கும் வடிவம், சத்தமே இல்லாத ஓட்டம். 1968-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது அதற்குத்தான் கிடைத்தது.

ஆனால் சீல் பிரச்னையை முழுதாகத் தீர்க்காமலே காரை வெளியிட்டிருந்தார்கள். சில பத்தாயிரம் கிலோமீட்டருக்குள்ளேயே பல கார்களின் இன்ஜின் படுத்தது. நிறுவனம் நேர்மையாகப் புது இன்ஜின் மாற்றிக் கொடுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றிக்கொண்டே இருந்தது. ஆர்.ஓ 80 ஓட்டுபவர்கள் எதிரெதிரே சந்தித்தால், எத்தனை இன்ஜின் மாற்றினோம் என்று விரல்களைக் காட்டிக்கொள்வார்கள் என்று அந்நாளில் ஒரு பகடி உண்டு.

செலவு கழுத்தை நெரித்தது. 1969-ல் என்.எஸ்.யூ, ஃபோக்ஸ்வேகன் குழுமத்துக்குள் போய், ஆடியோடு இணைக்கப்பட்டது. பிறகு அந்தப் பெயரில் புதிதாக ஒரு காரும் வரவில்லை.

மற்றவர்கள் கதையும் நல்லபடியாக முடியவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் பெரும் பணம் கொடுத்து உரிமம் வாங்கி, பிறகு திட்டத்தையே கைவிட்டது. பென்ஸ், சி111 என்ற சோதனைக் காரோடு நிறுத்திக்கொண்டது. பிரான்ஸின் சிட்ரோயன் 847 ரோட்டரி கார்களை விற்றுவிட்டு, 'உதிரிபாகம் கொடுத்து மாளாது' என்று முடிந்தவரை அவற்றைத் திரும்ப வாங்கி நொறுக்கியது!

மாஸ்டாவுக்கும் வந்தது சோதனை

1973. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் பெட்ரோல் விலை எகிறியது. அப்போதுதான் ரோட்டரியின் இன்னொரு பலவீனம் வெளிச்சத்துக்கு வந்தது. அது பெரிய பெட்ரோல் குடிகாரன்!

காரணம் அதன் வடிவம். எரியும் அறை உருண்டையாக இல்லாமல், நீளமாகவும் தட்டையாகவும் இருக்கிறது; போதாக்குறைக்கு நகர்ந்துகொண்டும் இருக்கிறது. தீ மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்வதற்குள் அறையே இடம் மாறிவிடும். சூட்டின் ஒரு பெரும் பகுதியைச் சுவர் விழுங்கிவிடும். சீல் வறண்டுவிடாமல் இருக்க, கொஞ்சம் ஆயிலையும் உள்ளே விட்டு எரிக்க வேண்டும். எந்த வடிவம் அதிர்வில்லாத ஓட்டத்தைக் கொடுத்ததோ, அதே வடிவம்தான் மைலேஜையும் கெடுத்தது.

அமெரிக்காவில் விற்பனை சரிந்தது. விற்காத கார்கள் குவிந்தன. கம்பெனி ஆட்குறைப்புக்குப் பதிலாக, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை டீலர்களிடம் அனுப்பி, வீடு வீடாகக் கார் விற்கச் சொன்னது. நேற்று வரை ஸ்பேனர் பிடித்த கைகள், இன்று விளம்பரத் தாளோடு கதவைத் தட்டின. சுமிடோமோ வங்கி கைகொடுத்தது. 1979-ல் ஃபோர்டு கால் பங்கு பங்குகளை வாங்கியது.

'ரோட்டரியைத் தலைமுழுகிவிடலாம்' என்று பலரும் சொன்ன நேரத்தில், 'நம்பி வாங்கிய வாடிக்கையாளர்களை நடுத்தெருவில் விடக் கூடாது' என்பதில் யமமோட்டோ குழு உறுதியாக நின்றது. மைலேஜை 40 சதவிகிதம் உயர்த்துவது என்று இலக்கு வைத்தார்கள். திட்டத்தின் பெயர் ஃபீனிக்ஸ். 1978-ல் வந்த ஆர்.எக்ஸ் 7 ஸ்போர்ட்ஸ் கார், அந்தப் பெயரைப் போலவே சாம்பலில் இருந்து எழுந்தது. மூன்று தலைமுறைகளாக வந்த அந்தக் கார், 8 லட்சத்துக்கும் மேல் விற்றது. யமமோட்டோ 1984-ல் அதே கம்பெனியின் தலைவரானார்.

24 மணி நேரப் பதில்

பிரான்ஸின் லெ மான் கார் பந்தயம், இன்ஜின்களுக்கான அக்னிப் பரீட்சை. இரவு பகலாக 24 மணி நேரம் ஓட வேண்டும். மாஸ்டா 1970-களிலிருந்து முயன்றுகொண்டிருந்தது. வெற்றி எட்டவில்லை.

1991 ஜூன் மாதம். ஆரஞ்சும் பச்சையும் கலந்த 55-ம் எண் காரில், நான்கு ரோட்டர்கள் கொண்ட 2,616 சி.சி இன்ஜின். சக்தி 700 குதிரைத்திறன். ஒரு காலத்தில் சாத்தானின் நகமாக இருந்த சீல், இப்போது செராமிக்கில் செய்யப்பட்டிருந்தது. மற்ற கார்களைவிட எடை குறைவாக இருக்க விதிகள் அனுமதித்ததும் ஒரு சாதகம்.

முன்னணியில் ஓடிய மெர்சிடிஸ், பந்தயம் முடிய சுமார் மூன்று மணி நேரம் இருக்கும்போது இன்ஜின் சூடேறி நின்றது. மாஸ்டா முதலிடத்துக்கு வந்தது. கடைசிக் கட்டத்தில் ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் இறங்காமல் தொடர்ந்து ஓட்டினார். 362 சுற்றுகள். அடுத்து வந்த ஜாகுவாரைவிட இரண்டு சுற்றுகள் அதிகம். காரை நிறுத்தி இறங்கிய ஹெர்பர்ட், உடலில் நீர்ச்சத்து வற்றி மயங்கிச் சரிந்தார். பரிசு மேடையில் மற்ற இருவர் மட்டுமே நின்றார்கள்.

லெ மானை வென்ற முதல் ஜப்பானியக் கார் அது. பிஸ்டன் இல்லாத இன்ஜினோடு அங்கே வென்ற ஒரே காரும் இன்று வரை அதுதான். 'ஜெயித்ததால்தான் ரோட்டரியைத் தடை செய்தார்கள்' என்று ஒரு கதை சுற்றுகிறது. உண்மையில், புதிய இன்ஜின் விதிகள் அதற்கு முன்பே முடிவாகிவிட்டன. பழைய விதியில் ஓடிய கடைசி வாய்ப்புகளில் ஒன்றில்தான் மாஸ்டா வென்றது.

முடிந்ததா கதை?

கடைசி ரோட்டரி ஸ்போர்ட்ஸ் காரான ஆர்.எக்ஸ் 8-ன் தயாரிப்பு, 2012-ல் நின்றது. புகைக் கட்டுப்பாடுகளும் மைலேஜும்தான் காரணங்கள். அதற்குள் மாஸ்டா செய்திருந்த ரோட்டரி கார்கள், சுமார் 20 லட்சம்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது, 2023-ல் எம்.எக்ஸ் 30 என்ற காரில் ரோட்டரி மறுபடி வந்தது. இந்த முறை வேலை வேறு. சக்கரத்தைச் சுற்றுவது மின் மோட்டார். பேட்டரி இறங்கினால் சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டராக, ஒரே ஒரு ரோட்டர் உள்ள 830 சி.சி இன்ஜின். சிறியது, அதிராதது என்ற பழைய பலங்கள் இங்கே பயன்படுகின்றன. சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், பழைய பலவீனமும் கொஞ்சம் மறைகிறது.

யமமோட்டோ இதைப் பார்க்கவில்லை. 2017-ல், 95 வயதில் காலமாகிவிட்டார்.

ஒரே யோசனை. ஒரே ஆண்டில் இரண்டு கம்பெனிகள் கார் விட்டன. ஒன்று பிரச்னையைத் தீர்க்கும் முன்பே கடைக்குக் கொண்டுவந்தது. இன்னொன்று முதலில் கீறலுக்குக் காரணம் தேடியது. கீறலின் காரணத்தைக் கண்டுபிடிக்க ஆன அந்தச் சில வருடங்கள்தான், ஹிரோஷிமாவின் அந்தக் கம்பெனியை இன்று வரை தன் சொந்தப் பெயரோடு நிற்க வைத்திருக்கின்றன.

இன்னும் சில விசித்திர இன்ஜின்கள்!

விளக்கெண்ணெய் விமானம்: முதல் உலகப்போர் காலத்துப் பல விமானங்களில் ஷாஃப்ட் அசையாமல் நிற்கும், மொத்த இன்ஜினும் விசிறியோடு சேர்ந்து சுற்றும்! பிரான்ஸின் செகுவான் சகோதரர்கள் உருவாக்கிய நோம் இன்ஜின் இதில் புகழ்பெற்றது. சுற்றும் வேகத்தில் கிடைக்கும் காற்றே இன்ஜினைக் குளிர்விக்கும். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் இதற்கு ஊற்றியது விளக்கெண்ணெய். வெளியேறும் எண்ணெய்ப் புகை பைலட்டின் முகத்தில்தான் அடிக்கும். அதைச் சுவாசித்து வயிற்றுக்கோளாறில் அவதிப்பட்ட பைலட்டுகள் பற்றிய கதைகள் ஏராளம்.

முக்கோண ரயில் இன்ஜின்: பிரிட்டனின் நேப்பியர் டெல்டிக் டீசல் இன்ஜினில், சிலிண்டர்கள் முக்கோண வடிவில் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன்கள்; 18 சிலிண்டருக்கு 36 பிஸ்டன்கள். மூன்று மூலையில் மூன்று கிராங்க் ஷாஃப்ட்கள். கணக்கு சரியாக வர, அவற்றில் ஒன்று மட்டும் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும்! போர்ப் படகுகளுக்காகப் பிறந்த இது, லண்டன் - எடின்பரோ விரைவு ரயில்களையும் இருபது ஆண்டுகள் இழுத்தது.

எதை ஊற்றினாலும் ஓடும் கார்: 1963-ல் கிரைஸ்லர் நிறுவனம், ஜெட் விமானம் போல டர்பைனில் ஓடும் 50 கார்களைப் பொதுமக்களிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. டீசல், மண்ணெண்ணெய் என்று எதிலும் ஓடும். மெக்சிகோவில் டெக்கீலா மதுவை ஊற்றியும் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் எரிபொருள் செலவு அதிகம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சற்று யோசித்துத்தான் கிளம்பும். சோதனை முடிந்ததும் பெரும்பாலானவற்றை நொறுக்கிவிட்டார்கள். ஒன்பது கார்கள் மட்டுமே மிச்சம்.

போதகர் செய்த இன்ஜின்: ஸ்காட்லாந்தின் கிறிஸ்தவப் போதகர் ராபர்ட் ஸ்டிர்லிங், 1816-ல் உருவாக்கிய இன்ஜினில் வெடிப்பே கிடையாது. வெளியிலிருந்து சூடு கொடுத்தால், உள்ளே அடைபட்ட வாயு விரிந்து சுருங்கிப் பிஸ்டனைத் தள்ளும். சத்தம் மிகக் குறைவு. இருநூறு ஆண்டு கழித்தும் ஸ்வீடனின் காட்லேண்ட் ரக நீர்மூழ்கிக் கப்பல்கள், கடலுக்கடியில் சத்தமில்லாமல் பதுங்கிச் செல்ல இந்த இன்ஜினைத்தான் நம்புகின்றன!